இழக்க முடியாததை இழந்த பயம்

1610இல் ஆர்மீனியஸ் வழிவந்த நெதர்லாந்துப் போதகர்கள் ஐந்து கூற்றுகளை முன்வைத்தார்கள். இரட்சிக்கப்பட்டவன் மறுபடி விழுந்துபோகக்கூடுமா என்பதை மட்டும், வேதத்தில் இன்னும் ஆராய வேண்டுமென்று திறந்தே விட்டார்கள். டோர்ட் சங்கம் (1618–19) கதவைச் சாத்தியது: தெரிந்துகொள்ளப்பட்டவன் இடறலாம், இழந்துபோவதில்லை.

சரி, பயம் போச்சா? இடம் மாறிடுச்சு. ‘இழந்துவிட்டேனா’ என்ற கேள்வி ‘எனக்கு அது என்றைக்காவது இருந்ததா’ என்றானது. முன்னது இழப்பு, பின்னது ஒருவனின் கடந்தகாலத்தையே பொய்யாக்குவது.

ஜான் பனியனின் தன்வரலாறு (1666) இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பிரதி. தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா என்ற சந்தேகம் ஒருபக்கம். ஏசா சேஷ்டபுத்திரபாகத்தை விற்றதுபோலக் கிறிஸ்துவை விற்றுவிட்டோமோ என்ற நடுக்கம் மறுபக்கம். வயல்வழி நடக்கையில் தன் நீதி பரலோகத்தில் இருக்கிறதென்று தோன்ற, சங்கிலி கழல்கிறது. சாட்சி சொல்லுகிறவர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்திவிடுவார்கள். பனியன் நிறுத்தவில்லை. முடிவுரையில், இன்னும் தன் நெஞ்சில் கிடக்கும் ஏழு அருவருப்புகளை எண்ணுகிறார். முதலாவது, அவிசுவாசம்.