ஏலத்தில் எடுத்த கார் எப்படி வீடு வரும்?

மாவட்ட ஆயுதப்படை மைதானங்களில் காவல்துறை அவ்வப்போது ஓர் ஏலம் நடத்தும். மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்டு, வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் கிடந்த பைக்குகளும் கார்களும் வரிசை கட்டி நிற்கும். முன்பணம் கட்டியவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், பானெட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஓட்டிப் பார்க்க மட்டும் வழியில்லை. ‘உள்ளது உள்ளபடி’ என்பதுதான் நிபந்தனை. கேட்ட தொகையையும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யையும் கட்டி முடித்தால் ஏலம் உறுதியானதற்கான உத்தரவு கைக்கு வரும். ஆர்.சி. புத்தகம் வருமா, சாவி வருமா என்பதெல்லாம் அவரவர் ராசி.

அன்று மாலையே அந்தக் காரை ஓட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பலாமா?

‘இன்னும் பெயர் மாறவில்லையே, பிடித்துவிடுவார்களோ’ என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் இந்தியாவிலும் வேண்டியதில்லை, இலங்கையிலும் வேண்டியதில்லை. ஓட்டுபவர் உரிமையாளராக இருக்க வேண்டும் என்று இரண்டு நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. மச்சானின் காரை இரவல் வாங்கி ஓட்டுபவர் ஊரெல்லாம் உண்டு. சாலையில் கேட்கப்படுவது வண்டியின் உயிருள்ள காகிதங்கள்: பதிவு, இன்சூரன்ஸ், புகைச் சான்று. இலங்கையில் இவற்றோடு வருடா வருடம் எடுக்க வேண்டிய வருமான அனுமதிப்பத்திரமும் சேரும். ஆனால் ஏலத்துக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் செத்துக் கிடப்பது இந்தக் காகிதங்கள்தான். தவணை கட்ட முடியாமல் வங்கியிடம் காரைப் பறிகொடுத்தவர் இன்சூரன்ஸை மட்டும் மறக்காமல் புதுப்பித்திருப்பாரா?

அரசுத் தரப்பு ஏலத்துக்கென்று இந்தியாவில் தனி வழி இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவும் 1989 மத்திய விதிகளில் 57ஆவது விதியும் இதற்கானவை. வண்டி கைக்கு வந்த 30 நாள்களுக்குள், ஏலத்தை உறுதி செய்த உத்தரவோடு படிவம் 32ஐ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கும் பாடு இதில் இல்லை. நம்பர் பிளேட்டே பொய் என்று தெரிந்தாலும் புது எண் கொடுக்க விதி இடம் தருகிறது. ஆள் பொய் சொல்லலாம், தகடு பொய் சொல்லலாம், சேசிஸ் எண் சொல்லக் கூடாது. அதனால்தான் அதைப் பென்சில் பிரிண்ட் எடுத்து வரச் சொல்கிறார்கள். கிரீஸும் மண்ணும் அப்பிய இடத்தைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் 17 எழுத்தும் எண்ணும் ஒவ்வொன்றாக எழும்பி வரும். அதில் ஓர் எழுத்து துருவில் மங்கியிருந்தாலும் அலைச்சல்தான்.

வங்கியோ பைனான்ஸ் கம்பெனியோ பறிமுதல் செய்து விடும் ஏலத்தில் பாதை வேறு. கடன் இருந்தாலும் இந்திய ஆர்.சி.யில் உரிமையாளர் கடன் வாங்கியவர்தான். கம்பெனியின் பெயர் ஹெச்.பி. என்ற கடன் குறிப்பாக மட்டும் இருக்கும். அவர் ஆர்.சி.யைத் தர மறுத்தாலோ தலைமறைவானாலோ கம்பெனி படிவம் 36 கொடுத்துத் தன் பெயருக்குப் புது ஆர்.சி. வாங்கி, அதன் பிறகு ஏலம் எடுத்தவருக்கு மாற்றலாம். அவசரத்தில் இருக்கும் கம்பெனிகளோ பழைய உரிமையாளர் கடன் வாங்கும்போதே போட்டுக்கொடுத்த வெற்றுக் கையெழுத்துகளை நம்பிப் படிவம் 29, 30ஐ நீட்டும். இதில் கவனமாக இருப்பது நல்லது.

இடைவெளிக் காலத்துக்கு இந்தியச் சட்டம் ஒரு குடை பிடிக்கிறது. வண்டி கைமாறும் நாளிலேயே நடப்பில் உள்ள இன்சூரன்ஸும் வாங்கியவருக்கு மாறிவிட்டதாகக் கருதப்படும் என்கிறது 157ஆவது பிரிவு. 14 நாள்களுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இது மூன்றாம் நபருக்கான காப்பு மட்டுமே. வீட்டுக்கு வரும் வழியில் சொந்த வண்டி நசுங்கினால் இந்தக் குடை உதவாது. காலாவதியான பாலிசி என்றால் குடையே கிடையாது: முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. புகைச் சான்று இல்லாவிட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை போகலாம். இன்சூரன்ஸ் இல்லாததை விடப் புகைச் சான்று இல்லாததற்குத் தண்டம் அதிகம் என்பது விசித்திரம்தான்.

பெயர் மாற்றாமல் விட்டால் ஆபத்து யாருக்கு? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னது. கார் பல கை மாறியிருந்த வழக்கு அது. கடைசியாக வைத்திருந்தவர் யாராக இருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. தவணை கட்டாமல் காரை இழந்தவர், இரண்டு வருடம் கழித்து யாரோ செய்த விபத்துக்கு நோட்டீஸ் வாங்கும் கொடுமை இப்படித்தான் நேர்கிறது.

இலங்கையில் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. அங்கே லீசிங்கில் எடுத்த வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் இரண்டு பேர் இருப்பார்கள்: ஓட்டித் திரிபவர் பதிவு உரிமையாளர், லீசிங் கம்பனி முழு உரிமையாளர். தவணை நின்றால் கம்பனி வாகனத்தைச் ‘சீஸ்’ பண்ணி யார்ட்டில் நிறுத்தும். அந்த யார்ட்டுகளில் பலவற்றில் கூவி விடும் ஏலத்தை விட, வாகனத்தைப் பார்த்துவிட்டு விலை எழுதிக் கொடுக்கும் முறைதான் வழக்கம். எடுத்தவர் காசைக் கட்டிய பின், கம்பனி தன் பெயரை நீக்கச் சம்மதிக்கும் கடிதத்தையும் மாற்றப் படிவங்களையும் தரும்.

ஆனால் யார்ட்டின் கேட்டைத் தாண்டுவதைத் தீர்மானிப்பது முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறு தாள், அதாவது வருமான அனுமதிப்பத்திரம். தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு ஆயுள் வரியை ஒரே தடவையில் கட்டிவிடுவதால் இப்படியொரு தாள் கிடையாது. இலங்கையில் அது மாகாண சபைக்குப் போகும் வருடாந்த வரி. பிரதேச செயலகத்திலோ இணையத்திலோ எடுக்கலாம்; எடுக்க வேண்டுமானால் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். புகைப் பரிசோதனைக்கோ வாகனத்தையே கொண்டுபோக வேண்டும். அனுமதி முடிந்த வாகனம் அனுமதி எடுப்பதற்காக ரோட்டில் இறங்க வேண்டிய நிலை! இழுவை லொறியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் வம்பில்லாத வழி. காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் நீதிமன்றத் தண்டம் குறைந்தது 25,000 ரூபாய் என்பதை வைத்துப் பார்த்தால் லொறிக் கூலி பெரிதல்ல.

வாகனம் கைமாறிய 14 நாள்களுக்குள் கொடுத்தவர் அறிவிக்க வேண்டும், வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். நடைமுறையில் ‘ஓபன் பேப்பர்’ என்ற ஒன்று நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விற்றவர் கையொப்பம் இருக்கும், வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அந்தத் தாளோடு வாகனம் மூன்று நான்கு பேரிடம் போய் வரும். கடைசியில் பெயர் மாற்ற நினைப்பவர் முதல் ஆளைத் தேடிப் போனால், அவர் வெளிநாடு போயிருப்பார்.

இலங்கையில் ‘ஏலக் கார்’ என்றால் பலருக்கு நினைவு வருவது யார்ட் அல்ல, ஜப்பான். அங்கே ஏலம் எடுத்த வாகனம் தர மதிப்பெண் போட்ட தாளோடு கப்பலேறி அம்பாந்தோட்டையில் இறங்கும். 2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகன்ஆருக்கும் விட்ஸுக்கும் வந்த மவுசில், யார்ட் வாகனங்களுக்கும் போட்டி ஏறியது. இந்தியர் ஒருவர் இதே ஜப்பான் ஏலத்தில் கார் எடுத்து வர நினைத்தால், மூன்று வயதுக்குட்பட்ட கார், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும், விலைக்கு மேல் நூறு சதவீதத்தைத் தாண்டும் சுங்க வரி என்று வரிசையாகத் தடைகள். அதனால் அந்த வழியை யாரும் யோசிப்பதே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் இந்தியாவில் இன்னொரு சின்னத் தலைவலி உண்டு. கண்ணாடியில் இருப்பது பழையவரின் ஃபாஸ்டேக். அதிலேயே சுங்கச்சாவடியைக் கடந்தால் அவர் கணக்கில் பணம் போகும். அவர் அதை முடக்கியிருந்தால், 2025 நவம்பர் 15 முதல் ரொக்கத்துக்கு இரு மடங்கு, யூபிஐக்கு 1.25 மடங்கு.

மாநில, மாகாண எல்லை தாண்டி எடுப்பவர்களுக்குத்தான் இரண்டு நாட்டு வித்தியாசம் நன்றாக உறைக்கும். கொழும்பில் எடுத்த காரை ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் கொண்டு போனவர் முன்பெல்லாம் பெயர் மாற்றும்போது மாகாண எழுத்துக்காக இலக்கத் தகட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. 2023 ஜனவரி முதல் மாகாண எழுத்தே இல்லாத தகடு வந்துவிட்டதால் அந்தச் செலவு போயிற்று. பெங்களூரில் ஏலம் எடுத்துச் சென்னைக்கு வருபவருக்கு அப்படியொரு விடுதலை கிடைக்கவில்லை. கர்நாடகப் பதிவு எண்ணிலேயே தாராளமாக ஓட்டி வரலாம். ஆனால் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்கப் போகிறார் என்றால், அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வாங்கி, நிலுவை அபராதம் இருந்தால் கட்டி, தமிழ்நாட்டு வரியையும் செலுத்தி, புது எண் எடுத்தாக வேண்டும். அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்க உரிமை உண்டு. அதற்குத் தனியே இன்னொரு விண்ணப்பம், இன்னொரு பெங்களூர் பயணம்.