வினைல் சுவரில் ஒரு மின்குழாய்
அமெரிக்க வீடுகளில் வினைல் பலகை போர்த்திய சுவரையொட்டி, கூரைக்கு மேல் நிமிர்ந்து நின்று, வெளிக்கம்பிகளை வீட்டுக்குள் கொண்டுவரும் மின்குழாயை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதைப் பொருத்தும் கைப்பக்குவம் பார்க்கவேண்டிய ஒன்று. வினைல் வெயிலில் நீளும், பனியில் சுருங்கும். 12 அடிப் பலகை அரை அங்குலம்வரை நகரும். இறுக்கிப் பிடித்தால் புடைத்துக்கொள்ளும். அதனால் நல்ல எலெக்ட்ரீஷியன் அவசரப்படமாட்டார். கொக்கிபோல் வளைந்த கருவியைப் பலகையின் அடிவிளிம்பில் செருகி மெல்ல இழுப்பார். படபடவென்று பலகை பிடிவிடும் சத்தம் கேட்கவே இதம். உள்ளே மரச்சட்டத்தைத் தேடிப்பிடித்து, திருகாணியை அதில்தான் இறக்குவார். பாரம் மரத்துக்கு, வினைலுக்கு அசைய இடம்.

எனக்கு மிகவும் பிடித்தது குழாயின் உச்சிதான். வாய் கவிழ்ந்த தொப்பி. அதிலிருந்து வரும் கம்பிகள் ஒருமுறை தாராளமாகத் தொய்ந்து வளைந்த பிறகே மேலேறும். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், குழாய்க்குள் போகாது.