கைக்குள் அடங்கும் குமிழ்

அந்தமான் கடலில் பெரிய பாறை மீன் தூண்டிலைக் கவ்வியதும் பவளப்பாறையை நோக்கித்தான் பாயும். அங்கே போய்விட்டால் நரம்பு அறுந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தச் சில நொடிகளில் என் ரீலின் பழைய பிடி கைவிட்டது. சின்னத் தட்டைக் குமிழ். ஈரக்கையில் இரண்டு விரலுக்குமேல் இடமில்லை.

இப்போது உருண்டைக் குமிழ். கெட்டி நுரை, எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிது. உள்ளங்கை முழுவதும் அதில் உட்காருகிறது. பிடியின் கையும் 3 அங்குலத்திலிருந்து 4 ஆகியிருக்கிறது. அதே வலுவுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இழுவிசை! ஒரு சுற்றுக்குக் கை 19 அங்குலத்துக்குப் பதில் 25 அங்குலம் போய்வர வேண்டும். தாராளமாகப் போய்வரட்டும்.

உப்பு ஏறாதிருக்க மரையில் கிரீஸ் தடவினேன், குமிழுக்குள் இருக்கும் இரண்டு குட்டி பேரிங்குகளுக்கும் ஆளுக்கொரு சொட்டு எண்ணெய். விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுழல்கிறது.