தும்பும் நொதியமும்: அறிவியல் தமிழ் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

அறிவியலைத் தமிழிற் கூறக் கலைச்சொற்கள் இல்லை என்ற வாதம் ஈழத்தைப் பொறுத்தவரை என்றோ காலங்கடந்ததாகிவிட்டது. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று நம்மை எதிர்நோக்கும் பிரச்சினை, சொல்லுக்கும் உற்பத்தி வாழ்வுக்கும் இடையே நிலவும் பிரிவாகும். ‘பற்றீரியாக்களின் நொதியங்கள் செலுலோசைச் சிதைக்கும்’ என்ற பாங்கிலான வழக்கமான விளக்கத்தைப் புத்தளக் கரையில் வைத்துச் சோதிப்பின் இது தெளிவாகும்.

சிலாபம், மாரவில, தென்னை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ள லுணுவில எனத் தென்னை செறிந்தது இப்பகுதி. தும்பாலைகளுக்குரிய பொச்சுமட்டைகள் முதலிற் குழிநீரில் ஊறவிடப்படுகின்றன. ஊறும் மட்டையிற் பற்றீரியாக்கள் பெருகுகின்றன, மென்பகுதி தளர்கிறது, தும்போ உறுதியுடன் எஞ்சுகிறது. தும்பின் பெரும்பகுதி செலுலோசும் இலிக்னினுமே. அவ்வாறாயின் பற்றீரியாக்கள் அதனை விட்டுவைத்தது ஏன்? மேற்படி விளக்கத்தில் இதற்கு விடையில்லை.

ஊறும் மட்டையில் முதலிற் சிதைவது, தும்புகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பெக்ரின் ஆகும். செலுலோசின் நிலை வேறு. குளுக்கோசு அலகுகள் பீற்றா-1,4 பிணைப்பால் தொடுக்கப்பட்ட அதன் நீண்ட சங்கிலிகள், நெருங்கிப் பளிங்குபோல் அடுக்கப்பட்டுள்ளன. அதனைச் சிதைக்க ஒரு நொதியம் போதாது. ஒன்று சங்கிலியை இடையிலே வெட்டும். இன்னொன்று முனையிலிருந்து இரண்டிரண்டு அலகுகளாகக் கழற்றும். மூன்றாவது அவ்விரட்டையைக் குளுக்கோசாகப் பிளக்கும். காற்றின்றி வாழும் பற்றீரியா ஒன்று இத்தகைய நொதியங்களை ஒரே தொகுதியாகக் கோத்து வைத்திருப்பது 1983இல் வெளியான ஆய்வுகளால் அறியப்பட்டது. ஆயினும், தும்பில் ஏறத்தாழ 40 சதவீதமாயுள்ள இலிக்னின் செலுலோசைப் போர்த்து நிற்பதால், நொதியங்கள் அதனை எளிதில் அணுகமாட்டா. பெக்ரின் விரைவிலும் செலுலோசு மிகத் தாமதித்தும் சிதைகின்ற இவ்வேறுபாட்டின்மீதே தும்புத்தொழில் முழுவதும் நிற்கிறது.

மட்டையை எப்போது வெளியே எடுக்கலாம் என்பதைத் தொழிலாளி தன் அனுபவத்தால் அறிவார். ஆனால் அந்நீரின் துர்நாற்றத்துக்குக் காரணமான ஐதரசன் சல்பைட்டு எவ்வாறு உண்டாகிறது, கழிவுநீர் சேரும் நீர்நிலையில் ஒட்சிசன் ஏன் குறைகிறது என்பவற்றை அனுபவம் மட்டும் உணர்த்திவிடாது. அந்நீரில் நின்று உழைப்போருக்கும், அது சென்றடையும் நீர்நிலையில் மீன்பிடிப்போருக்கும் இவ்வறிவு தம் மொழியிற் கிடைக்கவேண்டிய உரிமையாகும். பாடத்தின் பொதுமைக் கூற்று இவ்வுரிமையை நிறைவேற்றுவதில்லை.

‘நொதியம்’ என்ற சொல்லே, கள் நொதிப்பதைக் கண்டறிந்த மக்களின் வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. மக்களிடமிருந்து பெற்ற சொல்லை அவர்தம் தொழிலை விளக்கும் அறிவாகத் திருப்பியளிக்காத அறிவியல் தமிழ், பரீட்சை மண்டபத்தைத் தாண்டிச் செல்லாது.