மதிலில்லா ஆட்டம்

மேஜர் பிரவுன் போர்க்களம் கண்டவர். ஓய்வு பெற்ற பின் பூந்தோட்டமே தம் உலகமெனக் கொண்டவர். அதிலும் பான்சி மலர் என்றால் உயிர். ஒரு நாள் தெருவழியே உலாவச் செல்கிறார். பூவண்டிக்காரன் ஒருவன், அதோ அந்த மதிலுக்கு அப்பால் அரிய மஞ்சள் பான்சி பூத்திருக்கிறது என்று ஆசை காட்டுகிறான். மதிலேறி எட்டிப் பார்க்கிறார் மேஜர். பாத்தி முழுதும் மலர், மலரெல்லாம் எழுத்து, எழுத்தைக் கூட்டினால் அவர் பெயர், அவர் சாகவேண்டும் என்ற செய்தி! வீட்டுக்குள் நுழைந்தால் தெருப்பக்கமே முகம் வைத்து அமர்ந்திருக்கும் ஒரு மாது, எங்கிருந்தோ எழும் ஒரு குரல், நிலவறையிலே கைகலப்பு. கிழவர் உண்மையிலேயே உயிருக்குப் போராடுகிறார்.

பிறகு வெளியாகிறது உண்மை. சலித்துப்போன சீமான்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு சாகசம் தயாரித்துத் தரும் நிறுவனம் ஒன்று இலண்டனில் இருக்கிறது. மற்றொரு பிரவுனுக்காக அது நடத்திய ஆட்டத்திலே, பெயர் மயக்கத்தால் சிக்கிக்கொண்டவர் நம் மேஜர். ஜி. கே. செஸ்டர்டன் 1905-இல் வெளியிட்ட 'தி கிளப் ஆஃப் க்வியர் டிரேட்ஸ்' தொகுதியின் முதற்கதை இது. செஸ்டர்டன் மதப்பற்று மிக்கவர். 1922-இல் கத்தோலிக்கத்தையே தழுவியவர். அவருடைய பக்திக்கும் நமது பகுத்தறிவுக்கும் நெடுந்தொலைவு. ஆயினும் கதை சொல்லத் தெரிந்தவர் என்பதை மறுப்பதற்கில்லை. அவர் இதைச் சிரிப்புக் கதையாக முடித்துவிட்டார். நமக்கோ சிரித்து முடித்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மேஜர் ஆடினாரா, ஆட்டப்பட்டாரா?

இந்தக் கேள்வியை நாம் எழுப்பக் காரணம் உண்டு. அன்று கற்பனையாக இருந்த அந்த நிறுவனம் இன்று தொழிலாகிவிட்டது. கலை என்றும் பெயர் பெற்றுவிட்டது. ஆட்டத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே உள்ள மதிலை இடித்துவிடும் ஆட்டங்கள் எத்தனையோ பெருகியுள்ளன. அவற்றின் இலக்கணம் வகுக்க நூலும் வந்துள்ளது. பின்லாந்தைச் சேர்ந்த மார்க்கஸ் மொன்டோலா, யாக்கோ ஸ்டென்ரோஸ், சுவீடனைச் சேர்ந்த அன்னிகா வேர்ன் ஆகிய மூவர் 2009-இல் வெளியிட்ட 'பெர்வேசிவ் கேம்ஸ்' எனும் நூலே அது. பரவும் ஆட்டங்கள் என்று நாம் தமிழில் சொல்லலாம்.

மதில் என்றோமே, அது யார் எழுப்பியது? 1938-இல் டச்சு நாட்டு வரலாற்றறிஞர் யோகான் ஹூய்சிங்கா 'ஹோமோ லூடன்ஸ்' எனும் நூலை எழுதினார். மனிதன் அறிவால் மட்டுமல்ல, ஆட்டத்தாலும் மனிதன் என்பது அவர் கட்சி. ஆட்டத்துக்குத் தனி இடம், தனி நேரம், தனி விதி உண்டு; விரும்பி நுழைபவனுக்கே அது ஆட்டம்; கட்டளைக்குப் பணிந்து ஆடினால் அது ஆட்டமன்று என்றார். பின்வந்தோர் இதனை மாய வட்டம் என்ற சொல்லால் வழங்கினர். வட்டத்தின் மதிப்பை அறிந்து பேசியவர் ஹூய்சிங்கா. அவர் காலத்திலேதான் அண்டை நாட்டிலே சீருடையும் தீப்பந்தமும் அணிவகுப்புமாக ஒரு கொடிய கூத்து, ஆட்டம் போல் தொடங்கி நாட்டையே விழுங்கிற்று. நாஜிகள் 1942-இல் அவரைச் சிறைவைத்தனர். நாடு முழு விடுதலை காணுமுன், 1945 பிப்ரவரியில் அவர் கண்மூடினார். பிரெஞ்சு அறிஞர் ரோஜர் கைவா 1958-இல் எழுதிய நூலில் இன்னும் ஒருபடி சென்று, வாழ்வோடு கலந்துவிடும் ஆட்டம் கெட்டழியும் என்றே எழுதினார்.

இந்த எச்சரிக்கைகளை எல்லாம் நன்கு அறிந்தவர்கள்தாம் 2009 நூலின் ஆசிரியர்கள். அறிந்தும், வட்டத்தை மூன்று வழியில் விரிக்கலாம் என்கின்றனர். இடத்தால் விரிக்கலாம், ஊரே ஆடுகளம். காலத்தால் விரிக்கலாம், உறங்கும்போதும் ஆட்டம் நடக்கும். ஆட்களால் விரிக்கலாம், ஆட்டத்தில் சேராதவரும் ஆட்டத்துக்குள் வருவர். முதல் இரண்டோடு நமக்குப் பெரும் பிணக்கில்லை. வளர்ந்தவர் தெருவில் இறங்கி விளையாடினால் வானம் இடிந்து விழாது. தெரு என்பது வண்டிக்கும் வணிகத்துக்கும் மட்டுமா சொந்தம்? முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் நாகரிகம் என்று யார் சொன்னது? இவ்வகையில் அந்நூல் நகர வாழ்வின் இறுக்கத்தைச் சாடுவது நமக்கு உவப்பே. தெளிவாகவும் ஊக்கத்தோடும் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது விரிவிலேதான் நாம் தடுத்து நிறுத்துகிறோம். ஆட்டத்தில் சேராத வழிப்போக்கன், தான் ஆட்டத்தில் இருப்பதே அறியாதவன், ஆட்டத்துக்குச் சுவை கூட்டுகிறான் என்பது இவ்வாட்டங்களின் ஈர்ப்புகளுள் ஒன்று. சுவை யாருக்கு? அறிந்தவனுக்கு. அறியாதவன் உப்பாகக் கரைகிறான். நூலாசிரியர்கள் அறம் பற்றி எழுதாமல் இல்லை; அக்கறையோடே எழுதியுள்ளனர். ஆயினும் அந்த அறம், ஆட்டம் படைப்பவனுடைய பொறுப்புணர்ச்சியை நம்பி நிற்கும் அறம். வழிப்போக்கனுடைய உரிமையிலிருந்து பிறந்த அறமன்று. படைப்பவன் நல்லவனாயின் நல்லது நடக்கும் என்பது அரசன் நல்லவனாயின் குடி வாழும் என்ற பழைய பாட்டு.

2016 ஜூலையில் போக்கிமான் கோ எனும் கைப்பேசி ஆட்டம் வெளிவந்தது. தெருவிலே, பூங்காவிலே, கோயில் வாயிலிலே கண்ணுக்குத் தெரியாத விலங்குகள் உலவுவதாகவும், கைப்பேசி வழியே அவற்றைப் பிடிப்பதாகவும் ஆட்டம். வீட்டிலேயே முடங்கிக் கிடந்த பிள்ளைகள் வெளியே வந்து நடந்தார்கள். அதை நாம் குறை கூறோம். ஆனால் அந்த விலங்குகள் வாஷிங்டனில் யூதப் படுகொலை நினைவகத்துக்குள்ளும் உலவின. அங்கே ஆடவேண்டாம் என்று நினைவகத்தார் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஹிரோஷிமாவின் அமைதி நினைவுப் பூங்காவிலும் ஆட்டக்களங்கள் இருந்தன. 1945 ஆகஸ்ட் 6-இல் அணுகுண்டு விழுந்த நாளின் நினைவு நிகழ்ச்சிக்கு முன் அவற்றை நீக்குமாறு நகராட்சி வேண்டியது, நீக்கினர். இறந்தவர்கள் வாய் திறந்து மறுக்க முடியாது. ஆகவே அவர்கள் சார்பில் வேறு எவரோ போய் வேண்டிக்கொள்ள நேர்ந்தது. முன்கூட்டி இசைவு கேட்கும் பழக்கம் இல்லாத இடத்தில், பின்னர் கெஞ்சும் வேலை எப்போதும் பாதிக்கப்பட்டவன் தலையில்தான் விழுகிறது.

இன்னொன்றும் உண்டு. அதே மாதத்தில் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஒருவர், சிறிது நேரம் ஆடிப் பார்த்துவிட்டு இனி ஆடமாட்டேன் என்று எழுதினார். நோக்கமின்றித் தெருத்தெருவாகச் சுற்றி, அங்கே நின்று, இங்கே திரும்பி, கைப்பேசியை உற்றுப் பார்க்கும் கறுப்பனைக் கண்டால் அக்கம்பக்கத்தார் காவலரை அழைப்பர். காவலர் வந்தால் துப்பாக்கியும் வரும். வெள்ளையனுக்கு விளையாட்டு, கறுப்பனுக்கு வினை. ஆட்டக்களங்கள் அமைந்த முறையையும் பாருங்கள். அதே நிறுவனத்தின் முந்தைய ஆட்டமொன்றில் ஆட்டக்காரர்களே குறித்துக் கொடுத்த இடங்களே பெரும்பாலும் இதற்கும் அடிப்படை. குறித்துக் கொடுத்தவர்கள் வசதியுள்ள பகுதியினர். ஆகவே கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் களங்கள் குறைவு என்பதை அவ்வாண்டே பலர் கணக்கெடுத்துக் காட்டினர். ஊர் வேறு, சேரி வேறு என்று கோடு கிழித்த நாட்டிலே பிறந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதுவரை சொன்னது தெரு. தொழிற்கூடத்துக்குள் இவ்வாட்டம் நுழைந்த கதை இன்னும் கசப்பானது. கலிபோர்னியாவிலுள்ள ஆனஹைம் நகரில் டிஸ்னிலாந்து விடுதிகளின் சலவைக்கூடம். நிலவறையிலே விரிப்புகளும் துவாலைகளும் மலைபோல் குவியும். 2011-இல் அங்கே பெருந்திரைகள் மாட்டப்பட்டன. ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் வேகமும் அனைவரும் காணத் திரையில் ஓடும்; இலக்கை எட்டியவருக்குப் பச்சை, பின்தங்கியவருக்குச் சிவப்பு. பந்தயத்தில் புள்ளி காட்டும் பலகைதான்! பந்தயத்திலே தோற்றவன் கைகுலுக்கி வீட்டுக்குப் போவான். இங்கே தோற்பவள் வேலை போகுமோ என்று நடுங்குவாள். சிறுநீர் கழிக்கப் போவதற்கும் அஞ்சியவர்கள் இருந்தனர். அத்தொழிலாளர் அந்தப் பலகைக்கு மின்சவுக்கு என்று பெயரிட்டனர். பரவும் ஆட்டம் பற்றிப் பல பக்கம் எழுதிய அறிஞர்கள் கண்டறியாத சொல்லை, துணி மடிக்கும் கைகள் கண்டறிந்தன. வேலையை விளையாட்டாக்குகிறோம் என்று முதலாளிமார் மேடையேறிப் பேசும் ஒவ்வொரு முறையும் நமக்கு அந்தச் சொல்லே காதில் விழுகிறது. விளையாட வருகிறாயா என்று அப்பெண்களை யாரும் கேட்கவில்லை. ஹூய்சிங்காவின் அளவுகோலால் அது ஆட்டமே அன்று.

மதிலை இடித்தால் ஆடுபவர் தாமும் தடுமாறுவர் என்பதற்கும் சான்றுண்டு. ஸ்பீல்பெர்க்கின் திரைப்படம் ஒன்றுக்கு விளம்பரமாக 2001-இல் இணையத்திலும் தொலைபேசியிலும் பரவிய புதிர் ஆட்டத்தை விடுவிக்க 7,000-க்கும் மேற்பட்டோர் ஒரே குழுவாய்ச் சேர்ந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 11-இல் நியூயார்க் கோபுரங்கள் சரிந்தபோது, இதையும் நாமே துப்பறிந்து விடுவிப்போம் என்று அக்குழுவில் சிலர் கிளம்பினர். இது புதிரன்று, உயிர்கள் என்று சொல்லி, குழுவை நடத்தியவர்களே அவர்களைத் தடுத்தார்கள். தடுத்தவர்களை நாம் பாராட்டுகிறோம்.

இவையெல்லாம் மேனாட்டுக் கைப்பேசியோடு பிறந்த கோளாறு என்று நம்மவர் நிம்மதி கொள்ள வேண்டாம். ஆட்டத்தின் விதியே வாழ்வின் விதி என்று ஓர் அவையே ஒப்பிய கதையைத்தானே இந்நாட்டில் வேதம் என்று போற்றிப் படிக்கிறார்கள்! பாரதத்தை வரலாறென நாம் கொள்வதில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எதைத் தருமம் என்று எண்ணிற்று என்பதற்கு அது சாட்சி. அத்தினாபுரத்து அவையிலே பகடை உருண்டது. பொருள் போயிற்று, நாடு போயிற்று, தம்பியர் போயினர், தருமனே போனான். கடைசியாக வைக்கப்பட்டவள் அந்த அவையிலேயே இல்லாதவள், பகடையைத் தொடாதவள், ஆட்டம் நடப்பதையே காணாதவள். அழைத்து வரப் போன ஏவலனிடம் அவள் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பினாள். தன்னை முதலில் இழந்தானா, என்னை முதலில் இழந்தானா என்று கேட்டுவா என்றாள். ஆட்டத்தின் விதியைக் கொண்டே ஆட்டத்தை மறுத்த கேள்வி அது. நூற்றுக்கணக்கான அரசர் கூடியிருந்த அவையிலே பிதாமகர் பீஷ்மர் எழுந்து, தருமம் நுட்பமானது, முடிவு சொல்ல இயலவில்லை என்றார். அவள் வெல்லப்படவில்லை என்று அடித்துச் சொன்னவன் எதிர்க்கட்சிப் பிள்ளை, கௌரவருள் இளையவனான விகர்ணன். கர்ணன் அவனைச் சிறுவன் என்று இகழ்ந்து அடக்கினான். அதற்குப் பிறகுதான் துச்சாதனன் துகிலிலே கை வைத்தான்.