பரிமாறுது ரோபோ, எச்சில் எடுப்பது யார்?

1920இல் செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம்தான் ‘ரோபோ’ங்கிற சொல்லை உலகுக்குத் தந்தது. மூலச்சொல் ‘ரோபோட்டா’: நிலப்பிரபுவுக்குச் செய்யும் கட்டாய உழைப்பு. நம்ம சேரி மொழியில் வெட்டிவேலை. இந்த அர்த்தத்தைத் தொலைத்துவிட்டு, எந்திரம் மனுசனை ஆளப்போகுதுன்னு பின்வந்த கதைகள் பல அலறுகின்றன.

2017இல் பழைய மாமல்லபுரம் சாலையில் ரோபோக்கள் பரிமாறும் ஓட்டல் திறந்தது. எந்திரம் வந்தது முன்கூடத்துக்கு. அங்கிருந்து தாம்பரம்வரை ஓட்டல்களின் பின்கட்டைப் பாருங்கள்: எச்சில் தட்டிலும் கக்கூசிலும் இன்னும் மனுசக் கைதான். அது யார் கை? முன்கூடம், பின்கட்டு என்று பிரித்து நடத்தும் ஓட்டல் நிர்வாகம் இதைக் கேட்காது. அந்தப் பிரிவினையைச் சாதி எப்போதோ செய்துவிட்டது.

சாப்பெக்கின் ரோபோக்கள் கலகம் செய்தன. முதலாளிக்கு அது கெட்ட கனவு. வெட்டிவேலை செய்தவங்களுக்கு? அந்தப் பின்கட்டிலிருந்து எழுதப்படும் அறிவியல் கதைதான் நமக்கு வேணும்.