நின்ற தட்டும் சுழன்ற தட்டும்

ஒரு வட்டத் தட்டின் விளிம்பைச் சுற்றிச் சித்திரங்களை வரைந்து, தட்டைச் சுழற்றி அவற்றை ஆட வைக்கிற கலை இன்று மறுபடியும் மவுசு பெற்றிருக்கிறது. ஏறக்குறைய இருநூறு வருஷத்து விளையாட்டு இது. போட்டோஷாப்பிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வரைந்து, ஆப்டர் எஃபெக்ட்ஸில் ஓட விட்டால், பழகிய கை ஒரே மாலைக்குள் ஒரு தட்டைத் தயார் செய்துவிடும். அப்படித் தயாராகிறவையும் ஏராளம். அவற்றில் எது கலை, எது வெறும் வித்தை என்று பிரித்துப் பார்க்க நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதைத் தேடத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வித்தையைப் புரிந்துகொள்வோம். கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரிகிறது. கொள்ளிவட்டம் என்று நம்மவர்கள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மாண்டூக்ய காரிகையின் நான்காம் பிரகரணத்துக்கு அலாதசாந்தி என்று பெயர்; கொள்ளியின் அடக்கம் என்று அர்த்தம். ஆனால் தட்டு வித்தை கொள்ளிவட்டத்துக்கு நேர் எதிரானது. சித்திரத் தட்டை வெறுமனே சுழற்றினால் கிடைப்பதுதான் கொள்ளிவட்டம். எல்லா உருவங்களும் ஒன்றில் ஒன்று கரைந்து சாம்பல் நிறமாகக் குழம்பிவிடும். அந்தக் குழப்பத்தைத் துண்டு துண்டாக வெட்டினால்தான் உருவங்கள் பிழைக்கும். பார், மூடு, பார், மூடு என்று கண்ணுக்கு இடைவெளி கொடுக்கவேண்டும். இடைவெளியில் நடந்ததை மனசு தானே நிரப்பிக்கொள்கிறது. மனோதத்துவ அறிஞர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் 1912ல் இதை ஆராய்ந்து எழுதினார். கதை படிக்கிறவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆசிரியர் சொல்லாமல் விட்டதை வாசகர்தானே நிரப்பிக்கொள்கிறார்!

1832ல் இந்தத் தட்டைச் செய்தவர் பெல்ஜியத்து விஞ்ஞானி ஜோசப் ப்ளாட்டோ. கிரேக்க ஞானி பிளேட்டோ வேறு, இவர் வேறு. அதே சமயத்தில் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ப்ஃபர் என்பவரும் தனியாக இதைக் கண்டுபிடித்தார். ப்ளாட்டோவின் தட்டில் 16 உருவங்கள், 16 கீற்றுத் துளைகள். கண்ணாடி முன் நின்று, தட்டின் முதுகுப்புறத்தைக் கண்ணருகே பிடித்துச் சுழற்றி, துளைகள் வழியாகப் பிம்பத்தைப் பார்க்கவேண்டும். ஒரு நாட்டியக்காரன் தன்னைத்தானே சுற்றிச் சுற்றி ஆடுவான். இந்தக் கருவிக்கு நிலைத்த பெயர் பெனாகிஸ்டிஸ்கோப். ஏமாற்றுவது என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. கண்ணை ஏமாற்றிக் காட்டிய ப்ளாட்டோ 1843ல் தம் பார்வையை முழுதும் இழந்தார். அதன் பிறகும் பிறர் கண்களைத் துணைக்கொண்டு பல வருஷம் ஆராய்ச்சி செய்தார்.

அந்த நாட்டியக்காரனை நான் இந்தக் கலையின் முதல் நல்ல படைப்பு என்பேன். தட்டில் முதல் படம், கடைசிப் படம் என்று எதுவும் கிடையாது. பதினாறாவது படத்துக்கு அடுத்தது முதல் படம். ஆகவே முடிவு என்பதே இல்லாத ஒரு காரியத்தைத்தான் தட்டில் காட்ட முடியும். தன்னைத்தானே சுற்றுவது அப்படிப்பட்ட காரியம். தாமஸ் மான் பேன்ஸ் 1833ல் வரைந்த தட்டில் எலிகள் ஓடுகின்றன. அவை போய்ச் சேருவதே இல்லை. அதுவும் பொருத்தமான விஷயம்தான். ஒருவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறான் என்று வரைந்தால், அடுத்த கணம் அவன் மறுபடியும் உள்ளே நிற்பான். பார்க்கிறவர் சிரிப்பார், அது சித்திரக்காரர் எதிர்பார்த்த சிரிப்பாக இராது.

இன்றைய தட்டுக்கு வருவோம். இப்போது கீற்றுத் துளைகளின் வேலையை வீடியோ காமிரா செய்கிறது. சித்திரத்தை அச்சடித்து இசைத்தட்டு யந்திரத்தின் மேல் வைக்கிறார்கள். பிரிட்டிஷ் சித்திரக்காரர் ஜிம் லெ ஃபெவர் இந்த முறைக்கு போனோட்ரோப் என்று பெயர் கொடுத்தார். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. காமிரா விநாடிக்கு 25 படம். அதாவது நிமிஷத்துக்கு 1500 படம். வகுத்துப் பார்த்தால் ஒரு சுற்றுக்குச் சரியாக 45 படம் வருகிறது. ஆகவே 8 பாகைக்கு ஒரு சித்திரம். 45க்குப் பதில் 44 வரைந்தால் வளையம் முழுவதும் மெல்லப் பின்வாங்கும். தெரிந்து செய்தால் அதுவும் ஓர் அழகு. காமிராவின் கண் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்திருக்கவேண்டும். ஐம்பதில் ஒரு பங்கு திறந்திருந்தால் அதற்குள் தட்டு 4 பாகை நகர்ந்து, சித்திரம் தன் இடத்தில் பாதி தூரம் இழுபட்டுவிடும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதே அறையில் யந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. சாம்பல் நிறக் குழப்பம்தான். ஆட்டத்தைக் காமிரா மட்டும் பார்க்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போய், தட்டே வேண்டாம் என்கிறார்கள் சிலர். கம்ப்யூட்டருக்குள்ளேயே சித்திர வட்டத்தைப் படத்துக்கு 8 பாகை வீதம் திருப்பினால் போதும். வெளிச்சம் வேண்டாம், அச்சு வேண்டாம், யந்திரத்தின் வேகம் தவறுமோ என்ற பயமும் வேண்டாம். கிடைக்கிற பலன் ஒன்றுதானே, எப்படிச் செய்தால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எப்படியானாலும் நாம் கடைசியில் பார்க்கப்போவது கைபேசித் திரையில். உண்மையான தட்டு ஒன்று எங்கோ சுற்றியது என்பதற்காக ஒரு மோசமான சித்திரம் நல்ல சித்திரம் ஆகிவிடாது.

ஆனாலும் என் பதில் வேறு. தட்டுக்கு மட்டுமே உரிய ஒரு குணம் உண்டு. சினிமாவுக்கு அது கிடையாது. தட்டு நின்றுவிட்டால் அதன் காலம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. ஆட்டத்தின் பதினாறு நிலைகளும் ஒருங்கே, ஒரு பூவின் இதழ்களைப் போல் நம்முன் விரிந்து கிடக்கின்றன. ஒரு நாவலின் அத்தியாயங்கள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் பார்க்க முடியுமானால் எப்படி இருக்கும்! பிறகு தட்டைச் சுழற்றினால் அந்தப் பூ மறைந்து மனிதன் ஆடுகிறான். நிறுத்தினால் மறுபடியும் பூ. இந்த மாற்றத்தில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. ஆகவே நல்ல தட்டு இரண்டு முறை நம்மைத் திருப்தி செய்யவேண்டும்: நின்றாலும் பார்க்கத் தகுந்ததாக இருக்கவேண்டும், சுழன்றாலும் பார்க்கத் தகுந்ததாக இருக்கவேண்டும்.

மார்ஸெல் துஷாம்ப் 1935ல் பாரிஸில் லெப்பின் கண்டுபிடிப்புப் போட்டிக் காட்சியில் கடை போட்டு விற்க வந்த தட்டுகளை இந்த அளவுகோலால் பார்க்கலாம். ஆறு அட்டைகள், இரு பக்கமும் அச்சு, பன்னிரண்டு சித்திரங்கள். 500 தொகுதிகள் தயாரித்தார். அநேகமாக வாங்க ஆளில்லை. அவற்றில் துண்டுத் துண்டான அசைவு எதுவும் இல்லை. மையம் விலகிய வட்டங்கள்தான் சுற்றுகின்றன. ஆனால் தட்டையான காகிதம் குழிந்தும் எழும்பியும் ஆழம் கொள்கிறது. தொட்டியில் மீன் ஒன்று உள்ள தட்டு நின்றாலும் அழகு, சுழன்றாலும் அழகு. வெறும் வட்டங்கள் மட்டும் உள்ளவை சுழலும்போதுதான் உயிர் பெறுகின்றன. அவற்றை இரண்டாம் தரம் என்றே வைப்பேன்.

2010ல் ஸ்கல்ப்சர் என்ற பிரிட்டிஷ் இரட்டையர் வெளியிட்ட ரோட்டரி சிக்னல் எமிட்டர் இசைத்தட்டு வேறு விதம். பாட்டும் அதிலேயே, படமும் அதிலேயே. காமிரா வழியே பார்த்தால் வளையம் வளையமாகச் சித்திரங்கள் துள்ளுகின்றன. உற்சாகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு வளையமும் என்னைப் பார் என்கிறது. கண் எங்கே நிலைப்பது என்று தெரியாமல் அலைகிறது. நின்ற நிலையில்தான் எனக்கு அது அதிகம் பிடிக்கிறது.

கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறந்து அங்கேயே சுழலும் தட்டுகளில் பெரும்பாலானவை தோற்பது இந்த இடத்தில்தான். அவற்றைச் செய்தவர் நின்ற தட்டைப் பார்ப்பதே இல்லை. பார்க்க அவசியமும் இல்லை. அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு பூவை வரைந்து 45 பிரதி எடுத்து, அளவை மட்டும் சிறுகச் சிறுக மாற்றிவிட்டால் வளையம் மூச்சு விடுகிறது. கட்டளை கொடுத்தது மனிதர், அடுக்கியது யந்திரம். நின்ற நிலை இல்லாத தட்டு வெறும் சினிமாதான், அதுவும் 1.8 விநாடி சினிமா. சினிமாவாக எடை போட்டால் அதில் என்ன தேறும்?

இதனால் கம்ப்யூட்டரை ஒதுக்கவேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். பாகைக் கணக்குப் போடவும், பிரதிகளை அடுக்கவும், தவறைச் சுழற்றிப் பார்த்துத் திருத்தவும் அதைவிட நல்ல மேஜை கிடையாது. ப்ளாட்டோவுக்குக் கிடைத்திருந்தால் விட்டிருக்கமாட்டார். ரிச்சர்ட் பால்சர் என்ற அமெரிக்கர் சேகரித்த பழைய தட்டுகள் இன்று திரையில் சுழல்கின்றன என்றால் அது கம்ப்யூட்டரின் உபகாரம். ஆனால் அந்தத் தட்டுகளை வரைந்தவர்கள் ஒவ்வோர் உருவத்தையும் அதன் இடத்தில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுழல விட்டார்கள். இன்று வரைகிறவர்களிடம் நான் கேட்பதும் அதுதான். ஓட விடுவதற்கு முன்னால் ஒரு தடவை காகிதத்தில் அச்சடித்து, சுவரில் ஆணியடித்து மாட்டிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்தும் அதைக் கழற்றத் தோன்றவில்லை என்றால் அப்புறம் சுழற்றலாம்.